சாக்ஸபோனிலிருந்து ஒலிப்பதிவு மேசைக்கு: காதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாதவை

அன்று இரவு கச்சேரி முடிந்து வந்து படுத்தபோது இடது காதில் ஒரு சத்தம். மெல்லியது, ஊசி மாதிரி உயர்ந்த சுருதி. கச்சேரிக்குப் பிறகு காது இரைவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். தூங்கி எழுந்தால் போய்விடும். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்று வாரம் கழித்தும் இரவில் விளக்கை அணைத்ததும் முதலில் வந்து நிற்பது அந்தச் சத்தம்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக ஒரே நால்வர் குழுவில் டெனார் சாக்ஸபோன் வாசித்து வந்தேன். காது கெட்டுவிட்டது என்று தெரிந்தால் என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். இன்றைக்கு யோசித்தால் அந்த மூவரும் அப்படிச் செய்யக்கூடியவர்கள் இல்லை. ஆனால் பயம் வந்தவனுக்கு அது எங்கே தெரிகிறது?

மேடையில் என் இடம் எப்போதும் டிரம்ஸுக்கு வலப்பக்கம். குச்சியால் தட்டும் பெரிய உலோகத் தாளமான ரைடு சிம்பல் என் இடது காதுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். ஜாஸில் தாளம் பெரும்பாலும் அந்தச் சிம்பலில்தான் ஓடும். அதன் பக்கத்தில் நின்றால் லயம் உடம்புக்குள்ளேயே இறங்கிவிடும் என்பதால் நானே விரும்பிக் கேட்டு வாங்கிய இடம் அது. வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: சத்தம் 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100-க்கு வெறும் பதினைந்து நிமிடம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100-ஐத் தொடுவது சாதாரணம். நாங்கள் ஒரு இரவில் வாசித்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல். பதினோரு வருடத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கிப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

கேட்புச் சோதனைக்குப் போனது நான்கு மாதம் கழித்து. ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் ரொம்ப நேரம் எதுவுமே வரவில்லை. சோதனை நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்க்காமல் குறித்துக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தாளைக் காட்டியபோது இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து, 8000-இல் மறுபடி கொஞ்சம் ஏறியிருந்தது. பள்ளத்தின் அடி 45 டெசிபல், அதாவது அவ்வளவு சத்தம் வைத்தால்தான் அந்த உயர்ந்த சுருதி எனக்குக் கேட்கும். பெருஞ்சத்தத்தால் கெட்ட காதுக்கு அந்தப் பள்ளம்தான் அடையாளம் என்றார் மருத்துவர். உள்காதில் இருக்கும் மயிர் போன்ற செல்கள் ஒரு தடவை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது என்றும் சொன்னார். வெளியே வந்து வெகுநேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் நான்கு மாதம் தள்ளிப்போட்டது எவ்வளவு ஆபத்தான முட்டாள்தனம் என்பதையும் அவர்தான் சொன்னார். என்னுடையது வருடக்கணக்கில் சேர்ந்த பாதிப்பு, அதனால் தாமதத்தால் புதிதாக எதுவும் கெடவில்லை. ஆனால் திடீரென்று ஒரு காது மந்தமாவது வேறு விஷயம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு, முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எது எந்த வகை என்று நாமாக வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. ஒரு காது திடீரென்று மாறினால் அன்றைக்கே போங்கள். வழக்கமான சோதனைக்குப் போவதாக இருந்தால் அதற்கு முந்தின நாள் முழுக்கப் பெருஞ்சத்தத்திலிருந்து விலகி இருங்கள். கச்சேரி முடிந்த களைப்பில் காது தற்காலிகமாக மந்தமாகி இருக்கும், கோடு தப்பாக விழும்.

காதடைப்பான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகம் வெட்டும். சிம்பல் போர்வைக்குள் போன மாதிரி ஆகிவிடும், அதனால்தான் இசைக்கலைஞர்கள் ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் வடிகட்டி வைத்த அடைப்பான்கள் உண்டு, 9, 15, 25 டெசிபல் அளவுகளில். காதின் அச்சு எடுத்துச் செய்வார்கள். ஆனால் காற்றுக்கருவி வாசிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். மௌத்பீஸில் பல் பதிந்திருப்பதால் நம் கருவியின் அதிர்வு தாடை எலும்பு வழியாக நேரே உள்ளே போகும். காதை அடைத்ததும் உங்கள் சத்தம் மண்டைக்குள் பீப்பாய் மாதிரி முழங்கும், மற்றவர்கள் காணாமல் போவார்கள். நான் முதல் தடவை போட்டபோது அழுகையே வந்தது. அச்சைக் காதுக்குள் இன்னும் ஆழமாகப் போகும்படி மறுபடி எடுத்ததும் பாதிக்கு மேல் சரியாயிற்று. மேடையில் முதல் நாள் போடாதீர்கள். ஒரு மாதம் ஒத்திகையில் போட்டுப் பழகுங்கள். இதை இருபது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கச்சேரிகளை வாரத்துக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். வருமானமும் அதே கணக்கில் குறைந்தது. ஒலிப்பதிவுக்கு மாறலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. கேட்கும் அளவை என் கையில் வைத்துக்கொள்ளலாம், இசையை விட்டும் போக வேண்டாம். காது கெட்டவன் ஒலிப்பதிவுக்குப் போவதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் மருத்துவரிடம் கேட்டேன். குறைவான சத்தத்தில், இடைவெளி விட்டு வேலை செய்தால் முடியும் என்றார். எனக்கு முன்னால் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் கதை இருந்தது. ஜாஸ் கேட்பவர்கள் இசைத்தட்டின் பின்னட்டையில் அந்தப் பெயரைப் பார்க்காமல் இருக்க முடியாது. நியூஜெர்சியில் ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் வைத்துத்தான் அவர் 1950-களின் அந்த அருமையான பதிவுகளைச் செய்தார். அப்போது அவருக்குப் பகல் வேலை கண் பரிசோதனை. 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக்கூரையோடு சொந்த ஒலிக்கூடம் கட்டிய பிறகுதான் முழுநேரமாக இதற்கு வந்தார். அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: ஒரு வீட்டு அறை, நல்ல மைக், நல்ல காது, போதும். அவர் வருடக்கணக்கில் அந்த ஒரே அறையை அங்குலம் அங்குலமாகக் கற்றுக்கொண்டார் என்ற பாதியை நான் படிக்கவே இல்லை.

பதினான்கு மாதக் கச்சேரி வருமானம் சேமிப்பில் இருந்தது. அதில் ஒன்பது மாதத்தது மைக்குகளுக்குப் போயிற்று. மூன்று மாதத்தது மைக் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப், அதைக் கணினிக்கு மாற்றும் கன்வர்ட்டர், ஸ்பீக்கர். அறைக்கு என்று மிஞ்சியதில் ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். கை தட்டினால் எதிரொலி இல்லை. ஒலிக்கூடம் மாதிரியே இருந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

முதல் வேலை என் சொந்தக் குழுவினுடையது. எனக்குப் பதில் வேறொருவர் சாக்ஸபோன் வாசிக்க, நான் மேசையில். ஒரு வாடகைக் கூடத்தில் பதிவு செய்து, தனித்தனி ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங்கை என் அறையில் செய்தேன். ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக்கருவியான டபுள் பாஸில், விரல் அழுத்தாமல் மீட்டும் திறந்த ஏ தந்தி ஒவ்வொரு தடவையும் ஒளிந்துகொண்டது. மற்ற சுரங்களெல்லாம் நன்றாகக் கேட்க, ஏ மட்டும் பள்ளத்தில் விழுந்தது. பாஸ் வாசித்த நண்பரின் கை அப்படிப்பட்டது இல்லை என்று பதினோரு வருடமாகத் தெரியும். இருந்தும் கருவிதான் காரணம் என்று முடிவு கட்டி, அந்தச் சுரம் இருக்கும் 55 ஹெர்ட்ஸைச் சுற்றிச் சத்தத்தை நன்றாகத் தூக்கிவிட்டேன். என் நாற்காலியில் எல்லாம் சமமாகிவிட்டது. அனுப்பிய மறுநாள் அவர் கூப்பிட்டார். "காரில் கேட்டேன். ஏ வரும்போதெல்லாம் கதவு அதிர்கிறது. நான் வாசித்தது இதுவா?" அவர் குரலில் கோபம் இல்லை. காயப்பட்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஏழு தடவை திருத்தி அனுப்பினேன், ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கெட்டது. இரண்டு மாதம் போயிற்று.

காரணம் அறை. அதன் நீளம் 3.1 மீட்டர். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். நீளத்தை இரட்டித்து 343-ஐ அதால் வகுத்தால் 55 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த அலை நின்றுவிடும். சுவரோரம் பெருத்து, நட்டநடுவில் அழிந்துபோகும். டபுள் பாஸின் ஏ தந்தி சரியாக 55 ஹெர்ட்ஸ். என் நாற்காலி சரியாக அறையின் நடுவில். நான் நடுவில் உட்கார்ந்து இல்லாத குறையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் அதை என்ன செய்யும்? ஃபோம் செய்ததெல்லாம் உயர்ந்த ஒலிகளை உறிஞ்சியதுதான். அறையின் குரலில் இருந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 40-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு பாஸ் சுரத்தையும் ஒரே அளவில், மிதமான சத்தத்தில் ஓட விட்டு, அறையில் மெதுவாக நடந்து பாருங்கள். எந்தச் சுரம் எந்த இடத்தில் தொலைகிறது, எங்கே வயிற்றில் அதிர்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். இன்னும் துல்லியமாக வேண்டுமானால் அளவிடும் மைக் ஒன்றும் இலவச மென்பொருள் ஒன்றும் போதும். நான் செய்தது மூன்று. நாற்காலியை முன்சுவரிலிருந்து நீளத்தில் சுமார் 38 சதவீதத்துக்கு நகர்த்தினேன், பாதிப் பிரச்சினை அதிலேயே போயிற்று, செலவும் இல்லை. மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை கனமான கனிமப் பஞ்சு (மினரல் வூல்) அடைத்தேன். பாஸ் பற்றி முடிவெடுக்கும் முன் நல்ல ஹெட்ஃபோனில் ஒரு தடவை சரிபார்ப்பதை வழக்கமாக்கினேன். இன்றைக்கு ஆரம்பிக்கிற ஒருவர் கேட்டால், மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அறைக்கு மாற்று என்றுதான் சொல்வேன். சாதாரண மைக்கில் எடுத்த நல்ல வாசிப்பு நிற்கும். பொய் சொல்கிற அறையில் எது நல்லது என்றே தெரியாது.

பாஸ் சரியான பிறகு வந்த அடுத்த புகார்தான் என்னை உண்மையில் உடைத்தது. "சிம்பல் குத்துகிறது, இடது பக்கம் கூர்மையாக இருக்கிறது." ஒருவர் சொன்னபோது ரசனை வேறுபாடு என்று நினைத்தேன். மூன்றாவது ஆளும் அதையே சொன்னபோது வயிறு குளிர்ந்தது. அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி மாட்டினேன். எனக்கு நடுவில் கேட்ட சிம்பல் வலப்பக்கம் போய்விட்டது. உண்மையில் நடுவில் இருக்கும் ஒலி, ஹெட்ஃபோனைத் திருப்பினாலும் நடுவிலேயே இருக்க வேண்டும். கெட்டது என் காது. 4000 ஹெர்ட்ஸில் கேட்காததை, கேட்கும் வரை தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். சோதனைத் தாள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதைப் பார்த்து, வேலையோடு சேர்த்து யோசிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

வாசிப்பவரின் காது வேறு, பதிவு செய்பவரின் காது வேறு. சாக்ஸபோன் வாசித்தபோது என் காது பியானோவின் இசைவுகளையும் சிம்பலின் ஓட்டத்தையும் பிடித்துக்கொண்டு, அடுத்த வாக்கியத்தைத் தேடும். மற்றதைக் கேட்காமல் விடுவதுதான் அங்கே திறமை. இங்கே எதையும் விடக்கூடாது. நல்ல காது என்று மற்றவர்கள் பாராட்டியதை நான் அப்படியே நம்பியதுதான் எனக்கு மூன்று வருடத்தைச் செலவு வைத்தது. காதை நம்புங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அளந்து பார்த்த காதை நம்புங்கள் என்கிறேன்.

இப்போது என் வழக்கம் இது. ஒவ்வொரு மிக்ஸையும் ஹெட்ஃபோன் திருப்பி ஒரு தடவை கேட்பேன். அலைவரிசையைப் படமாகக் காட்டும் கருவியைத் திரையின் ஓரத்தில் எப்போதும் திறந்து வைத்திருப்பேன். எனக்குப் பிடித்த நான்கைந்து பழைய ஜாஸ் பதிவுகளை ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து இடையிடையே ஒப்பிடுவேன். ஒரே அளவு என்பது முக்கியம், ஏனென்றால் சத்தம் கூடினாலே நம் காதுக்கு அது அழகாகத் தெரியும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே காட்டிவிட்டார்கள்: சத்தம் குறையக் குறைய அடி ஒலியும் உச்சி ஒலியும் மங்கிப்போகும். அதனால் நான் ஒரே அளவைக் குறித்து வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசக்கூடிய சத்தத்திலேயே வேலை செய்கிறேன். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு. கடைசியாக, சிம்பல் பற்றிய முடிவை நான் தனியாக எடுப்பதே இல்லை. காது நன்றாக இருக்கும் ஓர் இளைஞருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் பணம் கொடுத்துக் கேட்கச் சொல்கிறேன். வெளியே சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே என் இடது காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மட்டும் வேறு இடம் போனார். மற்றவர்கள் தங்கள் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஒரு மூவர் குழு, பியானோ, பாஸ், டிரம்ஸ். இரண்டு நாளில் ஒன்பது உருப்படிகள். இரண்டாம் நாள் மாலை கடைசி டேக் (ஒரு தடவை முழுக்க வாசித்துப் பதிவது) முடிந்தபோது யாரும் பேசவில்லை, அப்படி அமைந்தது. எல்லாம் ஒரே வெளி டிஸ்க்கில். இரவு பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பதினான்கு மணி நேரம் வேலை செய்த களைப்பு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் டிஸ்க்கைச் செருகியதும் டிக், டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. தரவு மீட்பவர்களிடம் கொடுத்தேன். இரண்டு மாத வருமானம் அதற்கே போயிற்று. ஒன்பதில் நான்கு திரும்பக் கிடைத்தது, கடைசி டேக் அதில் இல்லை. வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி ஒரு நாள் என் செலவில் கூடம் எடுத்துத் தருகிறேன் என்றேன். தேதி முடிவாகும் முன் டிரம்ஸ் வாசித்தவர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அந்த மூவரும் பிறகு ஒன்றாக வாசிக்கவே இல்லை. ஜாஸில் எழுதி வைத்ததைத் திரும்ப வாசிப்பது கொஞ்சம்தான். அன்றைக்கு அந்த நிமிடத்தில் பிறந்தது அதோடு போய்விடும். அதைப் பிடித்து வைப்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டிக் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள், மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். நான் ஆறு தடவை செருகினேன், அதிலேயே இன்னும் கெட்டிருக்கும். இப்போது பதிவின்போதே இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு இடைவேளையிலும் மூன்றாவதில் பிரதி. பிரதியைத் திறந்து ஓட்டிக் காட்டாமல் மைக்கைக் கழற்றுவதில்லை. இரவு ஒரு டிஸ்க் பியானோக்காரர் பையிலும் ஒன்று என் பையிலும் வேறு வேறு வீட்டுக்குப் போகும்.

சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறோம் என்ற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை 44.1 என்று தப்பாகத் திறந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) கீழே இறங்கி, எட்டு சதவீதம் மெதுவாக ஓடும். எனக்கு அது நடந்தபோது தூக்கக்கலக்கத்தில், பாடல் நிதானமாக நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" இசைத்தட்டு 1959-இல் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-ஆவது தெரு ஒலிக்கூடத்தில் பதிவானது. முதல் நாள் அங்கே பதிந்த நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது தட்டின் முதல் பக்கம் சரியான சுருதிக்குச் சற்று மேலே வெளிவந்தது. 1992 மறுவெளியீட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். கூடவே வாசித்து முயன்ற கலைஞர்கள் தங்கள் கருவியைச் சந்தேகித்த வருடங்கள் அவை. ஒவ்வொரு நாளும் பதிவின் தொடக்கத்தில் பியானோவில் ஒரு ஏ வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். எந்தக் காலத்திலும் சரிபார்க்கலாம்.

வாசித்தவன் என்பதால் எனக்குக் கிடைத்த நன்மையை நானே ஒரு தடவை கைவிட்டேன். ஒலிகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, பெரிய கூடத்தில் நால்வரையும் எட்டு மீட்டர் இடைவெளியில் உட்கார வைத்தேன். நடுவே தடுப்பு, எல்லோருக்கும் ஹெட்ஃபோன். பாஸும் டிரம்ஸும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அரை நாள் வாசித்தும் லயம் உட்காரவில்லை. அறையின் சத்தத்தைக் கேட்பதற்காகப் பாஸ்காரர் ஒரு காதில் ஹெட்ஃபோனை விலக்கிக்கொண்டார். எட்டு மீட்டரைக் கடக்க ஒலிக்கு 23 மில்லிநொடி வேண்டும், அவர் எப்போதும் பின்னால். மேடையில் நாங்கள் எப்படி நெருங்கி நின்றோம், ஒரு கண்ணசைவில் எப்படித் தாளம் மாறும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மேசைக்கு வந்ததும் மறந்துவிட்டேன். பிற்பகலில் தடுப்புகளைத் தள்ளி, ஹெட்ஃபோனைக் கழற்றி, மேடையில் நிற்பது போல நெருக்கி உட்கார வைத்தேன். முதல் டேக்கிலேயே கிடைத்தது. டிரம்ஸ் பியானோ மைக்கில் கலக்கும்தான். அந்தக் கலப்பு அழகாக விழும்படி மைக்கின் இடத்தையும் கோணத்தையும் தேடுவதுதான் நம் வேலை. அதற்குக் கொடுக்கும் விலையை மட்டும் முன்கூட்டியே கலைஞர்களிடம் சொல்லிவிடுங்கள்: ஒருவர் தவறை மட்டும் தனியாக மாற்ற முடியாது, முழு டேக்தான்.

பதிவின் சத்த அளவை வைக்கும்போதும் இதே மாதிரிதான். அளவு பார்க்கும்போது வாசிக்கும் சத்தத்தை விட உண்மையான டேக்கில் கட்டாயம் கூடுதலாக வாசிப்பார்கள். நானே அப்படித்தான் வாசித்தேன். 24 பிட் நுணுக்கத்தில் பதிவதால் உச்சம், ஒலி உடையும் எல்லைக்குப் பத்து டெசிபல் கீழே இருந்தாலும் எதுவும் குறையாது, தைரியமாக இடம் விடுங்கள். ஒத்திகை என்று சொன்னாலும் பதிவை ஓட விடுங்கள். என் தட்டுகளில் சிறந்த இரண்டு உருப்படிகள் பதிவாகிறது என்று யாருக்கும் தெரியாமல் வாசித்தவை. பிறகு சொல்லி அனுமதி வாங்கினேன்.

பணத்தைப் பற்றி. நண்பர்கள்தானே என்று வாய்வார்த்தையில் வேலை எடுத்த முதல் இரண்டு வருடத்தில் ஒரு தட்டை பதினோரு தடவை மிக்ஸ் செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஒருவருக்குத் தன் கருவி கொஞ்சம் மேலே வேண்டும். கடைசியில் முதல் மிக்ஸையே வெளியிட்டார்கள், பாதிப் பணம் வரவேயில்லை. இப்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: எத்தனை நாள், முன்பணம் பாதி, மூன்று திருத்தம் வரை இதே தொகை, அதற்கு மேல் தனி, குழுவின் சார்பில் பேசுபவர் ஒருவர் மட்டும், கோப்புகள் யாருடையவை, எத்தனை நாள் என்னிடம் இருக்கும். இதனால் எந்த நட்பும் முறியவில்லை. எழுதாமல் விட்டதால் ஒன்று முறிந்தது.

வாசிக்காமல் இருப்பது வலிக்காதா என்று கேட்பார்கள். வலிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் என் இடத்தில் தனி வாசிக்கும்போது விரல்கள் மேசையில் தானாக அசையும். முதல் வருடம் அந்த இடங்களில் பதிவு முடிந்ததும் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி வருவேன். இப்போது தினமும் காலையில் இருபது நிமிடம், அடைப்பான் போட்டு, தனியாக வாசிக்கிறேன். நீண்ட சுரங்கள்தான் அதிகம். இரைச்சல் போகவில்லை. அமைதியான அறையில் அதைத் தேடிக்கொண்டு உட்காருவதை நிறுத்தியதும், மெல்லிய மழைச்சத்தம் போன்ற ஒன்றை இரவில் ஓடவிட்டதும் தூக்கம் திரும்பியது.

போன வருடம் என் பழைய குழு மறுபடி வந்தது. அதே பாஸ்காரர். தனியாக ஏ தந்தியில் தொடங்கும் ஒரு பகுதி இருந்தது. மிக்ஸ் முடிந்ததும் அவரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் பின்சுவரோரம் நின்றேன். முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டித் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து ஓட விட்டார்.

மேசைக்கு மேலே சுவரில் ஐந்து சோதனைத் தாள்களை வரிசையாக ஒட்டியிருக்கிறேன், வருடத்துக்கு ஒன்று. இடது காதின் கோடு ஐந்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. கடைசித் தாளிலும் 45-தான்.